இணுவில் வீட்டுச் சவுனா ஹீற்றர்: எங்கே பிழைத்தது, எப்படித் திருத்தினோம்

வீடு இணுவிலில். ஒஸ்லோவில் நீண்ட காலம் வாழ்ந்துவிட்டு ஓய்வுக்கு ஊர் திரும்பிய ஒரு தம்பதியர் தங்கள் பழைய வளவில் கட்டிய புது வீடு. அங்கே வீட்டில் பாவித்த 6 கிலோவாற் மின் சவுனா ஹீற்றரைக் கழற்றி, கற்களோடு சேர்த்துக் கப்பலில் போட்டு அனுப்பியிருந்தார்கள். சவுனா என்பது கற்களைச் சூடாக்கி, அந்த வெக்கையில் இருந்து வியர்க்கும் அறை. குளியலறையை ஒட்டி, பலகை அடித்த சின்ன அறை ஒன்று அதற்கென்றே கட்டப்பட்டது. உள்ளளவு 1.8 மீற்றருக்கு 1.6, உயரம் 2.1. கண்ணாடிக் கதவு. வீட்டுக்கு மின்சார சபையின் திறீ பேஸ் 30 அம்பியர் இணைப்பு.

வெயிலே போதும் என்கிற ஊரில் சவுனா எதற்கு என்று அயலில் கேட்டார்களாம். ஐயாவுக்கு முழங்கால் வலி, அந்தச் சூட்டில் இருந்து எழும்பினால் சுகமாக இருக்கிறது என்கிறார். அது அவர் விருப்பம். என் அக்கறை வயறிங்கில். இப்படி வெளிநாட்டிலிருந்து வரும் பெரிய மின்சாதனங்கள் இப்போது யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் உண்டு, நோர்வேயிலிருந்து வருபவற்றில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அது தெரியாமல் பூட்டினால் என்ன நடக்கும் என்பதை இந்த வீடு காட்டியது. வீட்டுக்காரரின் சம்மதத்தோடு, அடையாளங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

நடந்தது

வயறிங் செய்தவர் கைதேர்ந்த வயர்மன். போர்ட்டைத் திறந்தாலே அவருடைய வேலையின் சுத்தம் தெரியும். ஹீற்றரோடு பழைய றப்பர் கேபிளின் ஒரு துண்டு வெட்டப்பட்டபடியே தொங்கிக்கொண்டிருந்தது. அதில் மண்ணிறம், கறுப்பு, சாம்பல், பச்சை-மஞ்சள் என்று நான்கு வயர்கள். மூன்று பேஸ், ஒரு எர்த் என்று அவர் எடுத்துக்கொண்டார். பெயர்த்தகட்டிலும் மற்ற அழுத்தங்களோடு 400 வோல்ற் என்று எழுதியிருந்தது. ஆகவே மூன்று வயரையும் மூன்று பேஸுக்குக் கொடுத்தார், நாலாவதை எர்த்துக்குக் கொடுத்தார்.

மின்னோட்டம் திரும்பிப் போகும் நியூற்றல் வயர் எங்கே என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. எங்கள் பக்கத்தில் திறீ பேஸ் வேலை என்றால் பெரும்பாலும் அரைக்கும் மில்லும் மர ஆலையும்தான். அந்த மோட்டர்களுக்கு நியூற்றல் போவதில்லை. கை பழகிய வழியிலேயே கருத்தும் போயிருக்கிறது.

போட்ட உடனே, மின்கசிவைக் கண்டால் வெட்டும் ரிப் சுவிச் விழுந்தது. மறுபடி தூக்கினால் மறுபடி விழுந்தது. அப்போது ஐயா ஹீற்றரின் கையேட்டை எடுத்து வந்து ஒரு வரியைக் காட்டினார். ஹீற்றருக்கான மின்சாரத்தை ரிப் சுவிச் ஊடாகக் கொடுக்க வேண்டாம் என்று அதில் அச்சிட்டே இருந்தது. பல சவுனா ஹீற்றர் கையேடுகளில் இந்த வரி உண்டு. சரி என்று வயர்மன் ஹீற்றர் சுற்றை ரிப் சுவிச்சுக்கு முன்னாலேயே பிரித்து, அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தை மட்டும் வெட்டும் 32 அம்பியர் எம்.சி.பி. ஒன்றின் வழியாகக் கொடுத்தார். இந்த முறை விழவில்லை. கவனமானவர் ஆகையால் வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீற்றரையும் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு வயரிலும் 26 அம்பியர். 6 கிலோவாற்றை 230ஆல் பிரித்தால் 26 தான் வரும். கணக்குச் சரி என்று விட்டுவிட்டார்.

கால் மணி நேரத்துக்குள் பலகை கருகும் மணம் வந்தது. கற்களுக்கு இடையே தெரிந்த, சூடேறும் பாகமான எலிமென்ற் செம்மஞ்சளைத் தாண்டி மஞ்சளாகவே ஒளிர்ந்திருக்கிறது. பிறகு ஒரு வெடிச்சத்தம், தீப்பொறி. அம்மா வாளித் தண்ணீரைத் தூக்கிவிட்டார். மருமகன் அவரைப் பிடித்து நிறுத்திவிட்டு ஓடிப்போய் மெயின் சுவிச்சை அணைத்தார். ஆளுக்குச் சேதமில்லை. ஹீற்றரின் பின்பக்கப் பலகை கறுத்துப் போயிருந்தது.

அதுவரை ஒரு எம்.சி.பி.யும் விழவில்லை. இந்த ஆய்வில் என்னை மிகவும் உறுத்தியது அதுதான். மெயினை அணைத்தது ஒரு மனிதனின் கை.

அளவை சொன்னது

நான் போனபோது ஐயா கேட்ட முதல் கேள்வி, “தம்பி, ஒஸ்லோவில ஒரு பிழையும் இல்லாமல் இவ்வளவு காலம் வேலை செய்த சாமான். இங்க ஒரு தரம் போட்டவுடன எரிஞ்சுபோச்சு. இஞ்சத்தைக் கரண்ட் பிழையோ?”

“கரண்ட்டிலயும் பிழை இல்லை, சாமானிலயும் பிழை இல்லை ஐயா. ரெண்டையும் சேத்த விதத்தில ஏதோ இருக்கு. அளந்து பாப்பம்.”

மின்சாரத்தைத் துண்டித்து, கேபிளைக் கழற்றி, ஹீற்றரின் மூன்று முனைகளுக்கு இடையே தடையை அளந்தேன். ஒரு சோடிக்கு 53 ஓம் அளவில். மற்ற இரண்டு சோடிகளுக்கும் 26.5 அளவில். இந்த மூன்று எண்களிலேயே முழுக் கதையும் இருக்கிறது.

6 கிலோவாற் ஹீற்றருக்குள் 2 கிலோவாற் எலிமென்ற் மூன்று இருக்கும். ஒவ்வொன்றும் 230 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டது. 230ஐ 230ஆல் பெருக்கி 2000ஆல் பிரித்தால் 26.45 ஓம். இந்த மூன்றையும் இரண்டு விதமாகக் கட்டலாம். ஒவ்வொன்றின் ஒரு நுனியையும் பொதுவாகச் சேர்த்து நியூற்றலுக்குக் கொடுத்தால் அது ஸ்ரார். ஒன்றின் வால் அடுத்ததன் தலையோடு சேர்ந்து முக்கோணமாக நின்றால் அது டெல்ரா. ஸ்ராரில் ஒரு எலிமென்ற் அறுந்திருந்தால், மூன்று சோடிகளில் இரண்டில் மீற்றர் ஒன்றும் காட்டாது. இங்கே மூன்று சோடியிலும் அளவு வந்தது. டெல்ராவில் ஒன்று அறுந்தால், அறுந்ததன் இரு முனைகளுக்கு இடையே மற்ற இரண்டும் தொடராக நின்று 53 காட்டும். மற்றச் சோடிகள் 26.5 காட்டும். ஆகவே ஹீற்றர் டெல்ராவில் கட்டப்பட்டிருந்தது. மூடியைத் திறந்து இணைப்புத் தகடுகளைப் பார்த்தபோது அதுவே உறுதியானது.

ஏன் டெல்ரா? நோர்வேயில் பழைய குடியிருப்புகள் பலவற்றில் ஓடும் வலைப்பின்னல் ஐ.ரி. வகை. அங்கே பேஸுக்கும் பேஸுக்கும் இடையேயே 230 வோல்ற்தான். வீடுகளுக்கு நியூற்றல் வயர் வருவதே இல்லை. சாதாரண பிளக்கில்கூட இரண்டு முனையும் பேஸ். அந்த ஊரில் திறீ பேஸ் சவுனா ஹீற்றரை டெல்ராவில் கட்டுவதே சரியான வேலை. ஒஸ்லோவில் பூட்டியவர் சரியாகத்தான் பூட்டினார். புதிய பகுதிகளில் 400 வோல்ற் வலைப்பின்னலும் வந்திருக்கிறது. ஆகவே நோர்வேச் சாமான் எல்லாமே இப்படித்தான் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. பெல்ஜியத்தின் சில பகுதிகளிலும் 230 வோல்ற் திறீ பேஸ் உண்டு.

இங்கே எங்கள் திறீ பேஸில் பேஸுக்கும் நியூற்றலுக்கும் இடையே 230, பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 400. அந்த டெல்ராவை அப்படியே இதில் பூட்டினால் 230 வோல்ற் எலிமென்ற் ஒவ்வொன்றும் 400 வோல்ற்றைத் தாங்க வேண்டும். வெப்பம் அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 400ஐ 230ஆல் பிரித்து வர்க்கித்தால் 3.02. 6 கிலோவாற் பெட்டி 18 கிலோவாற்றாக எரிந்திருக்கிறது.

அப்படியானால் கிளாம்ப் மீற்றர் காட்டிய 26 அம்பியர்? அது பொய் சொல்லவில்லை. 18 கிலோவாற் டெல்ரா 400 வோல்ற்றில் ஒவ்வொரு வயரிலும் இழுப்பது 26 அம்பியர் சொச்சம். 6 கிலோவாற் சிங்கிள் பேஸில் இழுப்பதும் 26. இரண்டு எண்ணும் ஒத்துவருவது தற்செயல் அல்ல, திறீ பேஸ் கணக்கில் அது எப்போதும் அப்படித்தான் வரும். ஆனால் சிங்கிள் பேஸில் 26 ஒரு வயரில் ஓடுகிறது, இங்கே 26 மூன்று வயரிலும் ஓடியது. 6 கிலோவாற் ஹீற்றர் திறீ பேஸில் சரியாக ஓடினால் ஒரு வயரில் 8.7 அம்பியர்தான் இருக்க வேண்டும். வயறிங் வேலை செய்யும் தம்பிமார் இந்த ஒரு இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எதிர்பார்த்த எண் மீற்றரில் வந்துவிட்டது என்ற திருப்திதான் அந்தப் பின்னேரம் எல்லோரையும் ஏமாற்றியது.

இணைப்பதற்கு முன் அளந்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? எலிமென்ற் மூன்றும் நல்லாக இருந்த நிலையில், டெல்ரா என்றால் எந்தச் சோடியிலும் 17.6 ஓம். ஸ்ரார் என்றால் முனைக்கும் நியூற்றலுக்கும் 26.5, முனைக்கும் முனைக்கும் 53. இரண்டு நிமிட வேலை. ஆனால் எண்ணை மனப்பாடம் செய்யக்கூடாது, பெயர்த்தகட்டுக் கிலோவாற்றிலிருந்து ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டும். 9 கிலோவாற் ஹீற்றரில் ஒரு எலிமென்ற் 3 கிலோவாற். அதன் தடையும் 17.6 ஓம்தான். 6 கிலோவாற் டெல்ராவின் அளவும் 9 கிலோவாற் ஸ்ராரின் ஒற்றை எலிமென்ற் அளவும் ஒரே எண்ணாக வந்து நிற்கும்.

பெயர்த்தகட்டை மட்டும் நம்புவதும் போதாது. அதில் 230 வோல்ற் திறீ பேஸ், நியூற்றலோடு 400 வோல்ற், 230 வோல்ற் சிங்கிள் பேஸ் என்று மூன்றும் எழுதியிருக்கலாம். அந்தப் பெட்டியை எப்படியெல்லாம் கட்டலாம் என்பதைத்தான் தகடு சொல்கிறது. இப்போது எப்படிக் கட்டியிருக்கிறது என்பதை உள்ளே இருக்கும் இணைப்புத் தகடுகளும் மீற்றரும்தான் சொல்லும். நான்கு வயர் கேபிள், நியூற்றல் இல்லை, கூடவே 400 என்ற எழுத்து. இந்த மூன்றும் சேர்ந்து நின்றால் அதுவே எச்சரிக்கை.

கனடாவிலிருந்து வரும் ஹீற்றருக்கு வேறு கதை. அது 240 வோல்ற், இரண்டு பேஸ் வயர், 60 ஹேர்ட்ஸ். எலிமென்ற் எங்கள் 230இல் 8 வீதம் அளவு குறைவாகச் சூடேறும், அவ்வளவுதான். ஆனால் மின்சாரத்தின் ஹேர்ட்ஸை நம்பி ஓடும் ரைமர் 50இல் மெதுவாக நடக்கும், ஒரு மணி நேரம் என்று வைத்தால் 72 நிமிடம் ஓடும். உள்ளே 120 வோல்ற்றில் இயங்கும் பாகம் ஏதும் இருந்தால் அதை முதலில் தேடிப் பார்க்க வேண்டும்.

ஏன் எதுவும் வெட்டவில்லை

32 அம்பியர் எம்.சி.பி. 26 அம்பியரைக் கண்டு விழாது. வயர்மன் போட்ட 4 சதுர மில்லிமீற்றர் வயரும் 26ஐத் தாங்கியது. மின்சார சபையின் 30 அம்பியர் கட்டவுட்டும் தாங்கியது. சிங்கிள் பேஸ் கணக்கில் தெரிவுசெய்த எம்.சி.பி. திறீ பேஸ் பிழையை அப்படியே போக விட்டுவிட்டது. இந்த ஹீற்றருக்குத் திறீ பேஸில் கையேடு சொல்வது பேஸுக்கு 10 அம்பியர். அந்த 10 போட்டிருந்தால், 26 அம்பியர் அதற்கு இரண்டரை மடங்குக்கு மேல். ஒரு நிமிடத்துக்குள் விழுந்திருக்கும். ஒரு எலிமென்ற்கூட எரிந்திருக்காது. “கொஞ்சம் பெரிசாப் போடுவம், அடிக்கடி விழாது” என்ற பேச்சு எங்கள் தொழிலில் சாதாரணம். ஹீற்றர் போன்ற மாறாத சுமைக்கு அது மிகவும் கெட்ட பேச்சு. மோட்டர் தொடங்கும்போது இழுப்பதுபோல எலிமென்ற் இழுக்காது. சரியான அளவைவிடக் கூட்டிப் போட ஒரு காரணமும் இல்லை.

வெப்பம் மிஞ்சினால் வெட்டும் பாதுகாப்பு ஹீற்றருக்குள்ளும் இருந்தது. அது வெட்டும் முன்பே எலிமென்ற் போய்விட்டது. அது அறையின் சூட்டை உணர்கிற உறுப்பு. எலிமென்ற்றில் மூன்று மடங்கு வெப்பம் நிமிடக் கணக்கில் பாயும்போது அதற்கு நேரம் போதாது.

இனி ரிப் சுவிச். அது முதலில் விழுந்ததற்கும் டெல்ராவுக்கும் தொடர்பில்லை. எலிமென்ற்றின் உலோகக் குழாய்க்குள், சுருள் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஒக்சைட் பொடி அடைத்திருக்கும். நீண்ட நாள் சூடேறாமல் கிடந்தால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கப்பலில் கிடந்து, பிறகு மாரி முழுக்கச் சாமான் அறையில் கிடந்த ஹீற்றர் இது. ஈரத்தின் வழியே பேஸிலிருந்து ஹீற்றரின் உலோக உடம்புக்குச் சிறிய கசிவு ஓடும், 30 மில்லி அம்பியர் ரிப் சுவிச் அதைக் கண்டு விழும். ஒன்றிரண்டு முறை சூடேறினால் ஈரம் போய்விடும். இதற்காகத்தான் சில உற்பத்தியாளர்கள் ரிப் சுவிச் வேண்டாம் என்று எழுதுகிறார்கள்.

ஆனால் அந்த வரி எழுதப்பட்ட ஊர்களில் எர்த் வயர் செப்பாகவே ட்ரான்ஸ்போமர் வரை திரும்பிப் போகும் முறை பரவலாக உண்டு. அங்கே பேஸ் உடம்பில் பட்டால் பல நூறு அம்பியர் பாயும், எம்.சி.பி. கண் மூடித் திறக்குமுன் விழும். எங்கள் வீடுகளில் எர்த் என்பது வளவில் அடித்த ஒரு கம்பி. மின்னோட்டம் மண்ணின் வழியே ட்ரான்ஸ்போமரின் எர்த்துக்குத் திரும்ப வேண்டும். அந்த வழியில் எம்.சி.பி.யை விழுத்தும் அளவு மின்னோட்டம் ஓடாது. இங்கே உயிரைக் காப்பது ரிப் சுவிச் ஒன்றுதான். கையேட்டில் என்ன எழுதியிருந்தாலும் யாழ்ப்பாணத்து வீட்டில் எந்த ஹீற்றரையும் அதற்கு வெளியே பூட்டக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்த வளவின் எர்த்தை அளந்தேன். 180 ஓம். எலிமென்ற் வெடித்தபோது அதன் குழாய் பிளந்து சுருள் உடம்பில் பட்டிருந்தது. பிறகு, காப்புத் தடையை அளக்கும் மெகர் வைத்தபோது பேஸ் முனைக்கும் உடம்புக்கும் இடையே நேரடித் தொடர்பு காட்டியது. 230 வோல்ற்றை 180 ஓமால் பிரித்தால் 1.3 அம்பியருக்கும் குறைவு. 32 அம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஹீற்றரின் இரும்பு உடம்பு கிட்டத்தட்ட முழுப் பேஸாக நின்றிருக்க வேண்டும். வாளித் தண்ணீரோடு ஈரத் தரையில் வெறுங்காலுடன் அம்மா நின்றது அந்த உடம்புக்கு ஒரு எட்டுத் தூரத்தில். மருமகனுக்கு மின்சாரக் கணக்கு ஒன்றும் தெரியாது. கரண்ட் எரியும் இடத்தில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

சுண்ணக்கல்லில் எர்த்

எர்த் கம்பியைத் தோண்டிப் பார்த்தோம். நாலடிக் கம்பி இரண்டடிக்குமேல் இறங்கவில்லை. கீழே சுண்ணக்கல். மிச்சத்தை வளைத்துச் சீமெந்தால் மூடியிருந்தார்கள். குடாநாட்டில் இது புதிதல்ல. மேலே செம்மண், கீழே மக்கி, அதற்குக் கீழே பாறை. சில இடங்களில் செம்மண் ஓர் அடிதான் இருக்கும். சுத்தியலால் அடித்துக் கம்பி வளைந்ததும் போதும் என்று விடுவது வழக்கமாகிவிட்டது. மார்கழியில் நிலம் ஊறிக் கிடக்கும்போது அளந்தால் நல்ல எண் வரும். ஆடி ஆவணியில் அதே கம்பி வேறு எண் காட்டும். எர்த்தைக் கோடையில்தான் அளக்க வேண்டும்.

180 ஓம் இருந்தாலும் 30 மில்லி அம்பியர் ரிப் சுவிச் வேலை செய்யும். அந்தக் கணத்தில் உடம்பில் நிற்கும் அழுத்தம் ஐந்தரை வோல்ற்றுக்கும் கீழே. ஆகவே எர்த் இருந்ததே போதும் என்று வாதிடலாம். ரிப் சுவிச் என்றாவது இறுகிப் போனால்? மெல்லிய பொறிமுறை அது, வருடக்கணக்காக அழுத்திப் பார்க்காமல் விட்டால் இறுகும். ஒன்று தவறினாலும் மற்றது ஓரளவு தாங்க வேண்டும் என்பதால் எர்த்தையும் திருத்தினோம்.

நிலைக்குத்தாக இறங்க முடியாத இடத்தில் கிடையாகப் போகலாம். கிணற்றிலிருந்து வாய்க்கால் ஓடும் வாழைப் பாத்தியின் ஓரம் வருடம் முழுக்க ஈரமாக இருந்தது, செம்மண்ணும் ஆழம். அங்கே பத்து மீற்றர் நீளத்துக்கு, முழங்கால் ஆழத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக அலவாங்கால் வெட்டி, செப்புப் பட்டியைப் போட்டு, பென்ரோனைட் களியால் மூடி, மேலே செம்மண் நிரப்பினோம். அளந்தால் 14 ஓம்.

உப்பும் கரியும் போடுவோமா என்று கூலிக்கு வந்தவர் கேட்டார். பழைய முறைதான். உப்பு ஒரு மாரியோடு கரைந்துவிடும், செப்பையும் அரிக்கும். அதற்கும் மேலாக, இந்த நிலத்தில் மேலே கொட்டுவது எதுவும் பாறை வெடிப்புகளின் வழியே நேராகக் கிணற்றுக்குப் போகும். குடிக்கிற தண்ணீர் அது. வேண்டாம் என்றேன். மோட்டரின் குழாயில் எர்த்தைக் கட்டுகிற வழக்கமும் இன்னும் இருக்கிறது. குழாய் பி.வி.சி. ஆகிப் பல காலமாயிற்று, அதில் கட்டுவது கட்டாமல் விடுவதற்குச் சமம்.

மறுபடி பூட்டியது

எலிமென்ற் மூன்றையும் மாற்றினோம். இரண்டு அளவில் சரியாக இருந்தாலும் மூன்று மடங்கு வெப்பம் கண்டவை, நம்ப முடியாது. உள்வயர்களும் முனைக்கட்டையும் புதிது. புதிய எலிமென்ற்கள் ஒஸ்லோவிலிருந்து உறவினர் கையில் வந்தன. வந்த பிறகு மழை நாட்களில் உறை பிரித்தபடி கிடந்ததால் மெகரில் ஒரு மெகா ஓமுக்கும் கீழே காட்டின. பக்கத்து வெதுப்பகத்தில் பாண் இறக்கிய பிறகு, ஆறிவரும் போறணையில் வைத்து ஓர் இரவு காய விட்டோம். மறுநாள் 100 மெகா ஓமைத் தாண்டியது. ரிப் சுவிச்சைக் கழற்றுவதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியது இதுதான்.

உள்ளே இணைப்புத் தகடுகளைக் கையேட்டுப் படத்தின்படி ஸ்ராருக்கு மாற்றி, நியூற்றலைச் சேர்த்தேன். அளவு: நியூற்றலுக்கு 26.5, முனைக்கு முனை 53. பிறகுதான் கேபிளைத் தொட்டேன்.

ஹீற்றருக்கென்றே தனி ரிப் சுவிச், நாலு முனை, 30 மில்லி அம்பியர். ஈரத்தால் விழுந்தாலும் வீட்டு லைற்றும் குளிர்சாதனப் பெட்டியும் அணையாது, சவுனா மட்டும் ஆறிப்போகும். அதற்குப் பின் 10 அம்பியர் மூன்று முனை எம்.சி.பி. அறைக்கு வெளியே, கதவருகில், மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும், பூட்டக்கூடிய நாலு முனை ஐசொலேற்றர். அதோடு, கரண்ட் போய்த் திரும்ப வரும்போது தானாகப் பிடிக்காத கொன்ராக்ரர் சுவிச் ஒன்று. இந்த ஹீற்றரின் ரைமர் கடிகார வகை. ஆள் இல்லாத வீட்டில் கரண்ட் வந்தால் மிச்ச நேரத்துக்கு எரியத் தொடங்கிவிடும். இப்போது யாராவது வந்து பொத்தானை அழுத்தினால்தான் பிடிக்கும்.

கேபிள் விடயத்தில் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. ஹீற்றருக்கு வரும் கடைசித் துண்டு பி.வி.சி. ஆக இருக்கவே கூடாது. சூட்டில் அது காய்ந்து வெடிக்கும். முதலில் போட்ட பி.வி.சி. வயர் அந்த ஒரு தடவையிலேயே ஹீற்றரின் பின்னால் இளகி வடிவம் மாறியிருந்தது. ஐந்து வயர் கொண்ட கனமான றப்பர் கேபிள், 2.5 சதுர மில்லிமீற்றர், கொழும்பிலிருந்து எடுப்பித்தோம். நிறத்திலும் கவனம் வேண்டும். பழைய வயறிங்கில் கறுப்பு என்றால் நியூற்றல், புதிய ஐரோப்பியக் கேபிளில் கறுப்பு ஒரு பேஸ், நீலம்தான் நியூற்றல். இரண்டு காலமும் ஒரே பெட்டியில் சந்திக்கும் வீடுகள் இங்கே நிறைய. இணைப்புப் பெட்டி தெறிக்கும் நீருக்குத் தாங்கும் வகை, தரையிலிருந்து அரை மீற்றருக்கு மேல் போகாமல் வைத்தோம். மற்றக் கேபிள்கள் எல்லாம் வெப்பக் காப்புக்கு வெளியே, குளிர்ந்த பக்கத்தில்.

சவுனா அறைக்குள் உயரத்தைப் பொறுத்து விதி மாறும். ஹீற்றரைச் சுற்றி அரை மீற்றருக்குள் கூரை வரை அதற்குரிய பாகம் தவிர வேறொன்றும் வரக்கூடாது. மற்ற இடத்தில் தரையிலிருந்து ஒரு மீற்றர் வரை தனியான வெப்ப விதி இல்லை. ஒரு மீற்றருக்கு மேல் எந்த மின்பொருளும் 125 பாகை தாங்க வேண்டும், வயரின் காப்பு 170 பாகை தாங்க வேண்டும். பிளக் பொயின்ற் அறைக்குள் எங்குமே கூடாது. இங்கே கூரையோரம் எல்.ஈ.டி. நாடா ஓடியது, வானொலிக்கென்று ஒரு 13 அம்பியர் பிளக்கும் இருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டு, இருக்கைப் பலகையின் கீழ் 12 வோல்ற் லைற் ஒன்றை வைத்தோம். அதன் ட்ரான்ஸ்போமர் வெளியே.

கற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதுவும் எலிமென்ற்றின் ஆயுளோடு சேர்ந்தது. வந்த கற்களில் சில உடைந்துபோக, வீட்டில் யாரோ வளவிலிருந்த சுண்ணக்கற்களைக் கழுவி அடுக்கியிருந்தார்கள். சூட்டிலும் தண்ணீரிலும் சுண்ணக்கல் வெடித்துப் பொடியாகும். பொடி எலிமென்ற்களுக்கு இடையே அடைத்துக் காற்றோட்டத்தை நிறுத்தும், எலிமென்ற் தன் சூட்டிலேயே வேகும். சவுனாவுக்கென விற்கும் ஒலிவின் கற்களை மட்டும், பெரியது கீழே சிறியது மேலே, நெருக்காமல் அடுக்க வேண்டும்.

ஒப்படைத்த அன்று ஒவ்வொரு பேஸிலும் கிளாம்ப் மீற்றர் 8.6 அல்லது 8.7 காட்டியது. ரிப் சுவிச்சைச் சோதனை மீற்றரால் பார்த்தபோது 30 மில்லி அம்பியரில் 300 மில்லி விநாடிக்குள்ளும், ஐந்து மடங்கில் 40க்குள்ளும் விழுந்தது. முழு நேரமும் நின்று பார்த்தேன், விழக்கூடாத நேரத்தில் ஒருமுறையும் விழவில்லை. முதலில் வேலை செய்த வயர்மன் தம்பியையும் கூப்பிட்டு, எரிந்த எலிமென்ற்றை அவர் கையில் கொடுத்து, அந்த 53, 26.5, 26.5 கணக்கை இருவரும் சேர்ந்து தாளில் போட்டோம். அந்தத் தாள் இப்போது போர்ட் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது.

அம்மாவிடம் ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொன்னேன். மாரியில் உடுப்புக் காயாவிட்டால் அந்த அறையின் சூடு ஆசை காட்டும். ஹீற்றருக்கு மேலோ பக்கத்திலோ ஒரு துவாய்கூடத் தொங்கக்கூடாது. “அங்கயும் அதைத்தான் சொன்னவை தம்பி” என்றார். மாதம் ஒருமுறை ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்துவது ஐயாவின் பொறுப்பு. வாழைப் பாத்தி எர்த்தை வரும் ஆவணியில் நிலம் காய்ந்திருக்கும்போது மறுபடி அளப்பது என்னுடையது. 30 ஓமைத் தாண்டினால் பட்டியை இன்னும் நீட்டுவதென்று பேசி வைத்திருக்கிறோம்.